ஹெமிசெல்லுலோஸ் அளவீடு: கேள்வி-பதில்

கே: ஹெமிசெல்லுலோஸை (செடியின் செல் சுவரில் செல்லுலோஸோடு இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்) அளக்க, ஈரப்பதம் பார்க்க 105 டிகிரியில் காயவைத்த செடிப் பொடியையே சர்க்கரைகளாகப் பிரிக்கும் அமிலத்தில் போடலாமா?

ப: கூடாது. அது ஈரப்பதம் பார்க்க மட்டும்தான். பகுப்பாய்வுக்குப் போகும் பொடியை 45 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். ஈரப்பதத்தை அன்றைக்கே, அதே பொடியில் பாருங்கள்.

கே: என்.டி.எஃப்-லிருந்து (நடுநிலைச் சலவைக் கரைசலில் கரையாமல் நிற்கும் நார்) ஏ.டி.எஃப்-ஐ (அமிலச் சலவைக் கரைசலில் கரையாமல் நிற்கும் நார்) கழித்து ஹெமிசெல்லுலோஸ் 23.47 சதவீதம் என்று எழுதினேன். பழச்சக்கைக்கு மட்டும் மைனஸ் வருகிறது. எங்கே தவறு?

ப: கழித்ததில்தான். 1960களில் வான் சோஸ்ட் கால்நடைத் தீவனத்தை மதிப்பிட உருவாக்கிய முறை இது. தீவனங்களை ஒப்பிட நல்ல கருவி. ஆனால் இரண்டு எடையின் வித்தியாசத்தை ஒரு பொருளின் அளவு என்று அறிக்கையில் எழுதுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. என்.டி.எஃப் வண்டலில் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது ஹெமிசெல்லுலோஸ் கணக்கில் ஏறிவிடும். ஏ.டி.எஃப்-இல் சைலான் (சைலோஸ் என்ற சர்க்கரையால் ஆன ஹெமிசெல்லுலோஸ்) கொஞ்சம் கரையாமல் தங்கும், அது கணக்கிலிருந்து விழுந்துவிடும். பெக்டின் என்ற செல் சுவர்ப் பசை நடுநிலைக் கரைசலில் கரைந்து போகும், அமிலக் கரைசலில் வீழ்படிவாகி நிற்கும். பழச்சக்கையில் பெக்டின் ஏராளம், மைனஸ் வராமல் என்ன செய்யும்? இந்த லட்சணத்தில் இரண்டு தசம இடம் வேறு! கழித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே மாதிரியில் முதலில் என்.டி.எஃப், அதே வண்டலில் அப்புறம் ஏ.டி.எஃப் செய்யுங்கள். பெக்டின் தொல்லை பெரும்பாலும் போகும். அப்போதும் ‘என்.டி.எஃப் கழித்தல் ஏ.டி.எஃப்’ என்றே எழுதுங்கள்.

கே: 100 கிராம் பொடியில் சைலோஸ் 20 கிராம். சைலானும் 20 தானே?

ப: இல்லை. நீராற்பகுப்பில் சேர்ந்த தண்ணீரைக் கழிக்க 0.88 ஆல் பெருக்குங்கள், 17.6. ஆறு கார்பன் சர்க்கரைக்கு 0.90.

கே: எச்.பி.எல்.சி-க்கு (சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் கருவி) முன் அமிலக் கரைசலைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கலாமா?

ப: கால்சியம் கார்பனேட் போடுங்கள். பி.எச். 6-ஐத் தாண்டக் கூடாது.

கே: ஊசியிலை மரத்தில் சைலோஸையும் அராபினோஸையும் கூட்டினால் மிகக் குறைவாக வருகிறதே?

ப: மேனோஸ் எங்கே? அந்த மரங்களில் முக்கிய ஹெமிசெல்லுலோஸே மேனோஸ், குளுக்கோஸ், கேலக்டோஸ் சேர்ந்த கேலக்டோகுளுக்கோமேனன்தான். குளுக்கோஸிலும் ஒரு பங்கு அதற்குச் சேரும்.

கே: பொடியில் அளந்த எல்லாப் பகுதிகளையும் கூட்டினாலும் 100 வராமல் 85 சதவீதம்தான். ஏன்?

ப: எந்தச் செடி, சாம்பல் எவ்வளவு, சாறுகளை நீக்கினீர்களா, எதையும் எழுதாமல் ஏன் என்றால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். 72 சத கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் 4 சதமாக்கி 121 டிகிரியில் ஒரு மணி நேரம் என்ற வழக்கமான முறை என்று வைத்துக்கொள்கிறேன். அந்த 121 டிகிரி ஆட்டோகிளேவில் (அழுத்தக் கலம்) சைலோஸ் கொஞ்சம் சிதைந்து ஃபர்ஃபுராலாகும். எடை தெரிந்த சர்க்கரைகளை 4 சத அமிலத்தில் கரைத்து மாதிரியோடு சேர்த்தே 121 டிகிரியில் வைத்தீர்களா? அந்த இழப்பைத் திருத்துங்கள். ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருக்கும் அசிட்டைலையும் யூரோனிக் அமிலத்தையும் கூட்டலில் சேருங்கள். அப்படியும் குறைந்தால் ஈரப்பதத்தை என்றைக்குப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.