ஜூலை 10க்குப் பிறகு வந்த நாட்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டில் மாணவர்கள் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பார்கள். இந்த ஆண்டு சுற்றுச்சூழல் நிகழ்வுகளை மட்டும் தொகுக்கிறோம். ஜூலை 10க்கு இரண்டு கிடைத்தன: 1976இல் இத்தாலியின் செவேசோ நச்சுப்புகை, 1985இல் ரெயின்போ வாரியர் கப்பல் தகர்ப்பு. தேதியைத் தவிர இவற்றுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா? பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இரண்டிலும் ஜூலை 10ஐ விட அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என்னை அதிகம் உறுத்துகின்றன.

செவேசோவில் அன்று சனிக்கிழமை. பக்கத்து ஊரான மேதாவில் இருந்த ரசாயன ஆலையில் வார விடுமுறைக்காக வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். உலைக்குள் சூடு ஏறிக்கொண்டே போய், மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் பாதுகாப்புத் தகடு உடைந்து புகை வெளியேறியது. அதில் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. அப்புறம் முயல்களும் கோழிகளும் செத்தன; குழந்தைகளின் தோலில் கொப்புளங்கள் வந்தன. டையாக்ஸின் என்ற பெயர் வெளியே வரவே பத்து நாள் போல ஆனது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றத் தொடங்கியது ஜூலை 26 அன்று. அந்தப் பதினாறு நாட்களும் அவர்கள் அந்த நச்சு மண்ணில்தான் குடியிருந்தார்கள். நினைத்தாலே மனம் பதறுகிறது.

ரெயின்போ வாரியர், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பல். அந்த ஆண்டு மே மாதம்தான், அமெரிக்க அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சில் வாழ்ந்த, பசிபிக் கடலில் உள்ள ரோங்கலாப் தீவு மக்களை அது வேறு தீவுக்கு ஏற்றிச் சென்றிருந்தது. அடுத்து, அதே கடலில் உள்ள மொரூரோவா தீவில் பிரான்ஸ் நடத்திவந்த அணுச் சோதனைகளை எதிர்க்கக் கிளம்பவிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் நள்ளிரவு நெருங்கும்போது இரண்டு குண்டுகள் வெடித்தன. புகைப்படக்காரர் பெர்னாந்து பெரெய்ரா மூழ்கி இறந்தார். பிரான்ஸ் முதலில் மறுத்தது. தன் உளவுத்துறைதான் செய்தது என்று பிரதமர் லோரான் ஃபாபியூஸ் ஒப்புக்கொண்டது செப்டம்பர் 22 அன்று. பாதுகாப்பு அமைச்சர் அதற்குள் பதவி விலகியிருந்தார்.

ஒன்று விபத்து, மற்றொன்று திட்டமிட்ட குற்றம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் இரண்டிலும் விஷயம் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. செவேசோவுக்குப் பிறகு 1982இல் ஐரோப்பா கொண்டுவந்த விதி, ஆபத்தான ஆலையைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லியாக வேண்டும் என்றது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்துப் போபாலில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எந்த வாயுவுக்கு எப்படி மருத்துவம் பார்ப்பது என்றே தெரியாமல் மருத்துவர்கள் தவித்தார்கள்.

அதனால் ஜூலை 10 அன்று இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஜூலை 26 வரும்போது செவேசோவை இன்னொரு முறை வாசிக்கட்டும். செப்டம்பர் 22 அன்று அந்தக் கப்பலை.