கர்ப்பமா இருக்கும்போது ஆடாதோடை கஷாயம், மூலிகை இருமல் சிரப் குடிக்கலாமா?

ஆறாம் மாசம், இருமல் விடல, மாமியார் ஆடாதோடை கஷாயம் வச்சுத் தர்றாங்க, கடை சிரப்பும் மூலிகைதானேன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஆடாதோடையை நிறுத்திடுங்க. இருமலுக்கு அது நல்ல மருந்துதான், நம்ம வீடுகள்ல காலங்காலமா குடுக்கறதுதான், ஆனா அந்த இலைல இருக்கற வாசிசின்ங்கற பொருளுக்கு கர்ப்பப்பையை சுருங்க வைக்கற தன்மை இருக்கு, வயித்துல பிள்ளையோட அது வேண்டவே வேண்டாம். அத்தைகிட்ட பக்குவமா இதையே சொல்லுங்க, புரிஞ்சுப்பாங்க.

கடை சிரப்தான் எனக்கு இன்னும் கவலை, ஏன்னா அதுல பேரு வேற மாதிரி இருக்கும். லேபிள்ல வாசா, வாசகா, அடூசா, அடாதோடா வாசிகான்னு எது போட்டிருந்தாலும் அதே ஆடாதோடைதான். யஷ்டிமது, முலேட்டின்னா அதிமதுரம், அது தினமும் அதிகமா போனா பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும், பின்லாந்துல அதிமதுர மிட்டாய்னா அவ்ளோ பிரியம், அங்கயே கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம்னு அரசாங்கம் சொல்லுது. பிப்பலின்னா திப்பிலி, ஆயுர்வேதத்துல கரு தங்காம இருக்கக் குடுக்கற பழைய கலவைல சேர்க்கற சரக்கு அது, அதனால திப்பிலி லேகியமும் இப்போ வேண்டாம். நிலவேம்பும் இப்போ வேண்டாம். அரிஷ்டம், ஆசவம்னு வர்ற டானிக்ல நொதிச்சு உண்டான ஆல்கஹால் இருக்கும்.

சாப்பாட்டுல சேர்க்கற அளவுக்கு பயமில்ல. மிளகு ரசம், இஞ்சி தட்டிப் போட்ட டீ, மஞ்சள் பால், வெந்நீர்ல ஒரு ஸ்பூன் தேன் (சுகர் இருந்தா தேன் வேண்டாம்), எல்லாம் தாராளமா எடுத்துக்கலாம். எனக்கு ரெண்டாவது பிள்ளை சமயத்துல ராத்திரியானா இருமல் தூங்க விடாது, உப்புத் தண்ணி கொப்பளிச்சு, எதுவும் போடாத வெறும் தண்ணில ஆவி பிடிச்சு, தலையணையை உசத்தி வச்சுப் படுத்துத்தான் சமாளிச்சேன்.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல போனா, மூச்சு வாங்கினா, பிள்ளை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நீங்களா ஐபுப்ரோஃபென் போடாதீங்க, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எவ்ளோன்னு அவங்களே சொல்வாங்க. இருமல் ரெண்டு வாரம் தாண்டினா டிபி (காசநோய்) இருக்கான்னு பார்க்க அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே சளி டெஸ்ட் எடுப்பாங்க, தள்ளிப் போடாதீங்க.

இதுவரைக்கும் குடிச்சதை நினைச்சு பயந்துக்காதீங்க, ஆனா அடுத்த செக்கப்புக்கு அந்த பாட்டிலையும் எடுத்துட்டுப் போய் காட்டுங்க, அதுக்குள்ள வயிறு இறுக்கிப் பிடிக்கற மாதிரி வலியோ ரத்தக்கசிவோ இருந்தா செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காம உடனே கிளம்பிடுங்க.