மில்லின் முறைகளால் ஒரு காரணத்தை உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: உயர்தர வகுப்பில் அளவையியல் படிக்கிறேன். தொகுத்தறிதல் பகுதியில், ஆங்கிலத் தத்துவவியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் காரணங்களைத் தேட வகுத்த ஐந்து முறைகள் வருகின்றன. இவற்றை வைத்து யாராவது ஒரு காரணத்தை உண்மையில் கண்டுபிடித்திருக்கிறார்களா, அல்லது பரீட்சைக்கு மட்டும்தானா?

பதில்:

கண்டுபிடித்திருக்கிறார்கள். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பெரிபெரி நோய். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவா, மலாயா, ஜப்பான் எங்கும் சிறைகளிலும் படைமுகாம்களிலும் கப்பல்களிலும் இந்த நோய் ஆட்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கி இதயம் நின்றுவிடும். அதன் காரணத்தைத் தேடிய கதையில் மில்லின் முறைகள் அநேகமாக எல்லாமே வருகின்றன. அவை எந்த இடத்தில் சறுக்கும் என்பதும் அதே கதையில் தெரிகிறது. பாடக்குறிப்புகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகின்றன.

முதலில், முறைகளுக்கு உள்ளே ஓடும் தருக்கம். ஒரு காரணி நோய்க்கு அவசியம் என்றால், நோய் உள்ள இடமெல்லாம் அது இருக்க வேண்டும். அது இல்லாமலே நோய் வந்த ஒரே ஒரு ஆளைக் காட்டினால் போதும், நீங்கள் படித்த மறுத்து மறுத்தல் விதிப்படி (பின்விளைவு பொய்யானால் முன்நிபந்தனையும் பொய்) அது அவசிய நிபந்தனை இல்லை என்று முடிந்துவிடும். ஒரு காரணி நோய்க்குப் போதுமானது என்றால், அது உள்ள இடமெல்லாம் நோய் வர வேண்டும். அது இருந்தும் நோய் வராத ஒருவரைக் காட்டினால் அதுவும் விழுந்துவிடும். நோய் வந்த எல்லாரிடமும் பொதுவாக இருப்பதைத் தேடும் ஒற்றுமை முறை முதல் வகையில் கழிக்கிறது, ஒன்றில் மட்டும் வேறுபடும் இரு நிலைகளை ஒப்பிடும் வேற்றுமை முறை இரண்டாவது வகையில் கழிக்கிறது. நம்முடைய பழைய தருக்க நூலார் அன்வயம் (சேர்ந்து இருத்தல்), வியதிரேகம் (சேர்ந்து இல்லாமை) என்று பேசியதும் இதற்குப் பக்கத்தில் வரும். இந்தக் கழித்தல் சுத்தமான உய்த்தறிதல், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் வேறொரு வாசலால் நுழைகிறது: எவற்றிலிருந்து கழிக்கிறோம் என்ற பட்டியல். உண்மையான காரணம் பட்டியலிலேயே இல்லை என்றால் கடைசியில் மிஞ்சுவது தவறான ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, பத்தேவியாவுக்கு வருவோம், இன்றைய ஜகார்த்தா. 1886இல் ஒல்லாந்து அரசு பெரிபெரியை ஆராய ஒரு குழுவை அனுப்பியது. கிருமிகளின் காலம் அது, அவர்களும் கிருமியைத்தான் தேடினார்கள். குழு திரும்பிய பிறகு ஆய்வுகூடத்தைப் பொறுப்பேற்றவர் கிறிஸ்டியான் ஐக்மன். அவர் வளர்த்த கோழிகளுக்குப் பெரிபெரி போலவே கால் தளரும் ஒரு நோய் வந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த பொருளை ஊசியில் ஏற்றிய கோழிகளுக்கும் வந்தது, ஊசி போடாத கோழிகளுக்கும் வந்தது. ஆகவே ஊசி அவசிய நிபந்தனை இல்லை. சில மாதங்களில் கோழிகள் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்தால், இடையில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் இராணுவச் சோறு கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். ஐக்மன் அதை வேண்டுமென்றே திரும்பச் செய்து பார்த்தார். தீட்டிய அரிசி போட்டால் நோய், தவிட்டோடு போட்டால் சுகம். வேற்றுமை முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கோழிக்குச் சரி, மனிதருக்கு? அடோல்ப் வோர்டர்மன் என்ற மருத்துவ அதிகாரி ஜாவாவின் 101 சிறைகளின் விவரங்களைத் திரட்டினார். கைதிகளுக்கு அந்தந்தப் பகுதியில் வழக்கமான அரிசியே போடப்பட்டது, அதனால் சிறைக்குச் சிறை அரிசி வேறுபட்டது. தவிடு நீக்காத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. கலந்து போட்ட 13 சிறைகளில் 6இல் இருந்தது. தீட்டிய அரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் இருந்தது. காரணி கூடக் கூட நோயும் கூடுகிறது, இது உடனியல் மாற்ற முறை. கட்டடத்தின் வயது, தரை, காற்றோட்டம், நெரிசல் எல்லாவற்றையும் அவர் சேர்த்தே பார்த்தார், அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

இந்த அட்டவணையை இன்னொரு தரம் பாருங்கள். நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடம் இதுதான். தீட்டிய அரிசி உண்டும் நோய் வராத 15 சிறைகள் இருக்கின்றன. அப்படியானால் தீட்டிய அரிசி போதுமான நிபந்தனை இல்லை. தவிடு நீக்காத அரிசி போட்டும் நோய் வந்த சிறை ஒன்று இருக்கிறது. அப்படியானால் தீட்டிய அரிசி அவசிய நிபந்தனையும் இல்லை. விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்திருந்தால் வோர்டர்மன் சரியான விடையையே பட்டியலிலிருந்து அடித்திருப்பார்!

விதி பிழையில்லை, காரணியை விவரித்த விதம்தான் முரடாக இருந்தது. உண்மையில் வேண்டியது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற சத்து. தீட்டிய அரிசியோடு பயறோ இறைச்சியோ போதுமான அளவு சாப்பிட்டவருக்கு அது வேறு வழியில் கிடைத்துவிடும். தீட்டிய அரிசி தனியாக நோயைத் தராது. ‘தீட்டிய அரிசி, கூடவே வேறு சத்துணவு இல்லாமை, அதுவும் வாரக்கணக்கில்’ என்ற தொகுதிதான் போதுமானது, அதற்குள் தீட்டிய அரிசி விட முடியாத ஓர் உறுப்பு. தத்துவவியலாளர் ஜே. எல். மெக்கி 1965இல் காரணம் என்பதையே இப்படித்தான் வரையறுத்தார்: தனியே போதாது, ஆனால் போதுமான ஒரு தொகுதிக்குள் தவிர்க்க முடியாத பகுதி. அந்தத் தொகுதிதான் ஒரே வழி என்றும் இல்லை. மில்லைப் படிக்கும் மாணவருக்கு இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லாவிட்டால் முதல் விதிவிலக்கைக் கண்டவுடன் நல்ல கருதுகோளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

மலாயாவில் நம்மவர்களே சாட்சியாக வருகிறார்கள். அங்கே வேலைக்கு வந்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது, தமிழ்த் தொழிலாளர்களிடம் மிக அரிதாகவே தெரிந்தது. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் போகாது. மருத்துவர் பிராடன் அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்று வாதாடினார். ஆனால் இரண்டு சமூகத்தாருக்கும் அரிசி மட்டுமா வேறு? வேலை, குடியிருப்பு, சமையல் எல்லாமே வேறு. அதனால் 1905இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணவைத்து, ஒற்றைப்படை எண்காரரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்காரரை மறுபக்கமும் பிரித்தார். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல். நடுவில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் இறந்தார்கள், புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் பெரிபெரியால் இறக்கவில்லை. சம்மதம் கேட்கப்படாத நோயாளிகள் அவர்கள். இந்த உதாரணத்தை வகுப்பில் சொல்லும்போது அந்த 18 பேரைப் பற்றியும் சொல்லாமல் நகரக்கூடாது.

ஜப்பான் கடற்படை மருத்துவர் தகாகி இதற்கு முன்பே, 1884இல், ஒரு கப்பலின் உணவை மாற்றி நோயை ஏறக்குறைய ஒழித்துக் காட்டினார். ஆனால் உணவில் பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றியதால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியவில்லை. அவர் புரதம் என்று நினைத்தார்.

ஐக்மனும் தவறாகத்தான் விளக்கினார். அரிசியின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்பது அவர் கருத்து. கோழிகளின் அட்டவணை இதை மறுக்காது, ஏனென்றால் அதில் ‘மாவு மட்டும் உண்டு’ என்பதும் ‘தவிடு இல்லை’ என்பதும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன. சேர்ந்தே வரும் இரண்டைத் தருக்கம் பிரித்துத் தராது. அவை பிரியும் ஒரு சந்தர்ப்பத்தை யாராவது உண்டாக்க வேண்டும். அதைச் செய்தவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். உயர் வெப்பத்தில் வேகவைத்த இறைச்சியை மட்டும் கோழிகளுக்குப் போட்டார், நோய் வந்தது (அந்த வெப்பத்தில் இறைச்சியின் தயமின் அழிந்துவிடும்). மாவே இல்லாமல் நோய் வந்துவிட்டது, ஆகவே மாவு அவசிய நிபந்தனை இல்லை. பாசிப்பயறு கொடுத்தால் நோய் தடுக்கப்பட்டது. 1901இல் அவர் எழுதினார்: உணவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லாமல் போவதால் வரும் நோய் இது. ஓர் இல்லாமை காரணமாக இருக்கலாம் என்பது அதுவரை பெரும்பாலோர் பட்டியலில் சரியாக இடம்பெறவில்லை. அந்த வரியைப் பட்டியலில் சேர்க்க மில்லின் எந்த முறையும் சொல்லித்தராது, சேர்த்த பிறகு சோதிக்க மட்டும் உதவும். 1926இல் அதே பத்தேவியாவில் யான்சன், டோனாத் இருவரும் அந்தச் சத்தைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள்.

பரீட்சைக்கு ஒரு பயிற்சி: பிளெட்சர் ஆட்களைக் கட்டடம் மாற்றியது எந்தக் கருதுகோளைக் கழிக்க? அதில் வேலை செய்தது வேற்றுமை முறையா, ஒற்றுமை வேற்றுமை இணைந்த முறையா? நிபந்தனைகளை அட்டவணையாகப் போட்டுக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.