தீவைச் சுற்ற சைக்கிளா, தனி வாகனமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நான், என் கணவர், 15 வயது மகள் என மூவரும் விடுமுறையில் ஒரு தீவுக்குச் செல்கிறோம். அங்கே ஊர் சுற்றுவதற்கு எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. இரண்டு சுற்றுலாக்கள் கண்ணில் பட்டன. ஒன்று, வழிகாட்டியுடன் அரை நாளில் 45 கி.மீ. செல்லும் சைக்கிள் சுற்றுலா; கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. மற்றொன்று, எங்களுக்கு மட்டுமான வாகனத்தில் வழிகாட்டியுடன் எட்டு மணி நேரச் சுற்றுலா. கட்டணம் வண்டிக்கு மொத்தமாக. மகள் சைக்கிள்தான் வேண்டும் என்கிறாள். நான் பள்ளிக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. எதை வாங்குவது சரி?

பதில்: முதலில் விலையைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதுதான் எளிதான பகுதி. தலைக்குக் கட்டணம் கேட்பதையும் வண்டிக்குக் கட்டணம் கேட்பதையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. தனி வாகனத்தின் மொத்தக் கட்டணத்தை ஒருவருக்கான சைக்கிள் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை நான்கு என்று வந்தால், மூன்று பேருக்கு வாகனம் கூடுதல் செலவு, ஐந்து பேருக்கு அதுவே சிக்கனம். அத்துடன் நுழைவுக் கட்டணம், படகுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், தங்குமிடத்திலிருந்து அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஆகியவை எதில் அடங்கியிருக்கின்றன, எதில் தனியாகக் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக் கூட்டிய பிறகே ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நேரம். ஒரே நாள் மட்டும் கையில் இருப்பவர் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது மணி நேரங்களைத்தான். பழக்கமில்லாத ஒருவர் சமதளச் சாலையில் நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 முதல் 15 கி.மீ. வரை போகலாம். அந்த வேகத்தில் 45 கி.மீ. என்றால் நிற்காமல் மிதிப்பதற்கே மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் சைக்கிள் பார்த்துக் கொடுத்து சீட்டைச் சரிசெய்யும் நேரம், பாதுகாப்பு விளக்கம், வழியில் பின்தங்கியவருக்காகக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால் அரை நாள் முடிந்துவிடுகிறது. இறங்கி நின்று ஓர் இடத்தைப் பார்க்க மிச்சமிருப்பது மிகக் குறைவு. ஆகவே அந்த விளம்பரம் விற்பது ஒரு சைக்கிள் பயிற்சியை. தீவைப் பார்க்கும் சுற்றுலா என்று அதை எண்ணி வாங்க வேண்டாம். இதுவே 20 அல்லது 25 கி.மீ. தொலைவாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

தூரம் மட்டும் எதையும் முழுமையாகச் சொல்லிவிடாது. நடத்துபவரிடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர்?” என்பதுதான். 5 விழுக்காட்டுச் சரிவு என்றால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 50 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அப்படி இரண்டு கிலோமீட்டர் தொடர்ந்தாலே பழக்கமில்லாதவருக்கு மூச்சு வாங்கும். 10 விழுக்காடு என்றால் பெரும்பாலானோர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். எல்லாத் தீவுகளும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் உள்ள மாக்கினாக் தீவில் 1898 முதல் மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. கரையோரமாகத் தீவைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 13 கி.மீ. நீளமும் பெரும்பாலும் சமதளமும் கொண்டது. அத்தகைய இடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு வேறொன்றை யோசிக்கவே தேவையில்லை. ஹவாயின் மாவி தீவிலோ ஹலேயாகலா எரிமலை 3,055 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அங்கே பயணிகளை வேனில் மேலே ஏற்றிச் சென்று, சைக்கிளில் இறங்கவிடும் சுற்றுலாக்கள் பெயர் பெற்றவை. உயிரிழப்பு வரை சென்ற விபத்துகளைத் தொடர்ந்து 2007-இல் தேசியப் பூங்கா நிர்வாகம் இந்த வணிகச் சுற்றுலாக்களைப் பூங்கா எல்லைக்குள் நிறுத்தியது. இப்போது அவை எல்லைக்கு வெளியே, தாழ்வான இடத்திலிருந்து தொடங்குகின்றன. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம், “முழுக்க இறக்கம்தான், மிதிக்கவே வேண்டாம்” என்ற விளம்பர வரி உங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதலாகத் தோன்றும் என்பதே. பல ஆண்டுகளாக ஓட்டாதவருக்கு ஏற்றத்தில் கால்தான் வலிக்கும்; நீண்ட இறக்கத்தில், வளைவுகளுக்கு நடுவே, பிரேக்கை விடாமல் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்து போவதே ஆபத்து.

தீவுக்கே உரிய இன்னொரு விஷயம் காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் காற்று வலுக்கும். எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டுபவர் எதிர்கொள்ளும் தடை, அவர்மீது மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுகிறது. களைத்துத் திரும்பும் வேளையில் அதை எதிர்த்து மிதிக்க நேர்ந்தால், காலையில் எளிதாகக் கடந்த அதே சாலை இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். ஆகவே சைக்கிள் என்று முடிவெடுத்தால் காலைச் சுற்றையே எடுங்கள். திரும்பும் பாதை காற்றுக்கு எதிராக அமையுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் அதே சாலையில் போகும் வழிகாட்டிக்கு இதற்குப் பதில் நுனிநாக்கில் இருக்கும். பதில் வராவிட்டால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

அடுத்து, குழுவுக்குப் பின்னால் ஒரு வாகனம் வருகிறதா என்று கேளுங்கள். முன்னால் செல்லும் வழிகாட்டி வேகமானவர்களுக்குத் துணை. கடைசியாக வருபவருக்குத் துணை, பின்னால் ஓட்டி வரும் இரண்டாவது வழிகாட்டியும் அந்த வாகனமும்தான். பஞ்சர் ஆனாலும், முழங்கால் பிடித்துக்கொண்டாலும், மழை கொட்டினாலும் ஏறி உட்கார ஓர் இடம் இருக்கிறது என்ற நிலையில்தான், பழக்கமில்லாத ஒருவர் பணம் கட்டலாம் என்பது என் உறுதியான கருத்து.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், உங்கள் கடிதத்தில் உள்ள நிலவரத்துக்கு நான் தனி வாகனச் சுற்றுலாவையே சொல்வேன். ஆனால் மகளின் விருப்பத்தை ஒதுக்க வேண்டியதில்லை. தனிச் சுற்றுலாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே வழித்தடம் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காகத்தானே? முன்பணம் கட்டும் முன் நடத்துபவரிடம், கரையோரச் சமதளப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தைக் காலையிலேயே வாடகைச் சைக்கிளில் கடந்து, மறுமுனையில் வாகனத்தில் ஏறிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் ஓட்ட விரும்பாவிட்டால் தந்தையும் மகளும் ஓட்டட்டும். நீங்கள் வண்டியில் வரலாம். குழுச் சுற்றுலாவில் இப்படி ஒரு கோரிக்கை வைக்கவே முடியாது.

சைக்கிளை எடுக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சரிபாருங்கள். பிரேக் பிடியை முழுதாக அழுத்தினாலும் அது ஹாண்டில்பாரைத் தொடக்கூடாது; முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாக அழுத்தி வண்டியைத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக்கூடாது. சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும் நிலையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும்; நன்றாக மடங்கியிருந்தால் சீட் தாழ்வு என்று பொருள், மாலைக்குள் முழங்கால் வலிக்கும். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக இருக்க வேண்டும். மகளின் உயரத்துக்கேற்ற சைக்கிள் இருக்கிறதா என்பதை, பதிவு செய்யும்போதே உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: “தனிப்பட்ட வழிகாட்டியுடன் தீவுச் சுற்றுலா” என்று விளம்பரம் பார்த்து என் அண்ணன் குடும்பம் பணம் கட்டியது. வந்தவர் ஓட்டுநர் மட்டுமே. ஒவ்வோர் இடத்திலும் வாசலில் இறக்கிவிட்டு, “பார்த்துவிட்டு வாருங்கள்” என்றாராம்; நடுவில் இரண்டு கடைகளுக்கும் அழைத்துப் போனாராம். இப்படி ஏமாறாமல் இருப்பது எப்படி?

பதில்: வாகனம் உங்களுக்கு மட்டுமானது என்பதும், உடன் ஒரு வழிகாட்டி வருவார் என்பதும் இரண்டு வெவ்வேறு வாக்குறுதிகள். விளம்பரத்தில் அவை ஒரே தொடரில் கலந்து விடுவதால் வாங்குபவர் இரண்டும் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார். ஓட்டுநரே போகிற வழியில் விளக்கம் சொல்லும் ஏற்பாடு, ஓட்டுநரும் வழிகாட்டியும் தனித்தனியாக வரும் ஏற்பாடு, ஓட்டுநர் வெறுமனே ஓட்டும் ஏற்பாடு ஆகிய மூன்றும் சந்தையில் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. சில நாடுகளில் சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. எடுத்துக்காட்டாக, கிரேக்க நாட்டில் தொல்லியல் தளங்களுக்குள் பயணிகளுக்கு விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அங்குள்ள தீவு ஒன்றில் உங்கள் ஓட்டுநர் எவ்வளவு விவரம் தெரிந்தவராக இருந்தாலும் வாசலோடு நின்றுவிடுவது முறையான நடத்தையே. அதை முன்கூட்டிச் சொல்லாமல் விற்றதுதான் தவறு.

ஆகவே பணம் கட்டும் முன், “வழிகாட்டி எங்களுடன் தளத்துக்குள் நடந்து வருவாரா, அவருக்கு உரிமம் உண்டா, எந்த மொழியில் பேசுவார்?” என்று செய்தியாக அனுப்பி, பதிலையும் செய்தியாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு எவர் நினைவிலும் இருக்காது. கடைகளைப் பொறுத்தவரை, பயணிகளை அழைத்து வருபவருக்கு விற்பனையில் பங்கு கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அதில் இழப்பது பணம் மட்டுமல்ல, மணிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய உங்கள் நேரம். “கடைகளில் நிறுத்த வேண்டாம்” என்பதை முன்பதிவுச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். நேர்மையாக நடத்துபவர் அதற்கு வருத்தப்பட மாட்டார். எட்டு மணி நேரம் என்பது எப்போது தொடங்குகிறது, உங்கள் வாசலிலா, அவர்கள் கொட்டகையிலா, கூடுதல் மணி நேரத்துக்கு என்ன கட்டணம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் அண்ணனைப் பொறுத்தவரை, விளம்பரத்தின் படப்பிரதியும் கட்டணச் சீட்டும் இருந்தால், பணம் வாங்கிய இணையதளத்துக்கே எழுத்தில் புகார் அளித்து, வழங்கப்படாத வழிகாட்டிச் சேவைக்கான தொகையைத் திரும்பக் கேட்கட்டும். கார்டு மூலம் கட்டியிருந்தால், தளம் பதில் தராத நிலையில் வங்கியிடமும் முறையிடலாம். அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஐரோப்பாவில் இணையம் வழியாக வாங்கியதை 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம் என்கிறார்கள். ஒரு சைக்கிள் சுற்றுலாவைப் பதிவு செய்து மறுநாளே ரத்து செய்தேன். முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். இது சரியா?

பதில்: அந்த 14 நாள் உரிமை பொருள்களுக்கும் பல சேவைகளுக்கும் பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் அதை வழங்கும் 2011-ஆம் ஆண்டு ஐரோப்பிய நுகர்வோர் உரிமை நெறியாணையே, குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு விலக்கு அளித்துவிடுகிறது. பயணத் தொகுப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டு நெறியாணையும், இரவுத் தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் சுற்றுலாக்களைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் வழக்கில் கைகொடுக்கக்கூடியது நடத்துபவரின் ரத்து விதி மட்டுமே. அதைப் பணம் கட்டும் பக்கத்தில் தெளிவாகக் காட்டியிருந்தார்களா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

இனிமேல் பதிவு செய்யும்போது மறுபக்கத்தையும் கேளுங்கள்: அவர்கள் ரத்து செய்தால் என்ன? சைக்கிள் குழுச் சுற்றுலாக்களுக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை இருப்பது வழக்கம். அது சேராவிட்டால் முதல் நாள் மாலை ரத்துச் செய்தி வரும்; பணம் திரும்பினாலும் நாள் திரும்பாது. மழைக்கும் பலத்த காற்றுக்கும் முழுத் தொகையைத் திருப்புவார்களா, வேறு தேதி மட்டும் தருவார்களா என்பதும் இந்த விதியிலேயே இருக்க வேண்டும். உங்கள் பயணக் காப்பீட்டில் வழிகாட்டியுடன் செல்லும் சைக்கிள் பயணம் அடங்குமா என்றும் பாருங்கள். சாலையில் ஓட்டுவதை ஏற்கும் சில காப்பீடுகள் மலைப்பாதையில் ஓட்டுவதை விலக்கி வைக்கின்றன.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி உண்டு. மின்சார சைக்கிள் இருந்தால் சைக்கிள் சுற்றுலாவையே எடுக்கலாமா?

பதில்: மருத்துவர் சைக்கிள் ஓட்ட அனுமதித்திருந்தால் எடுக்கலாம், ஏற்றங்களில் மோட்டார் பெரும் உதவியாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண சைக்கிளாகவே கருதப்படும் மின்சார சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மிகக்கூடாது, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதன் உதவி நின்றுவிட வேண்டும். வண்டியின் எடை பல நேரங்களில் 20 கிலோவைத் தாண்டும் என்பதால், பேட்டரி தீர்ந்துபோனால் முழங்காலுக்கு அது இரட்டைச் சுமையாகிவிடும். வழித்தடத்தின் முழுத் தூரத்துக்கும், ஏற்றத்தையும் சேர்த்து, ஒரே மின்னேற்றம் போதுமா என்று கேளுங்கள். குழுவில் மற்றவர்கள் சாதாரண சைக்கிளில் வந்தால் யாருடைய வேகத்துக்கு எல்லோரும் செல்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, லேசான கியரில், காலை அழுத்தாமல் வேகமாகச் சுழற்றி ஓட்டுவது மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழங்காலுக்கு இதமானது. பின்னால் வாகனம் வராத சுற்றுலாவாக இருந்தால் மட்டும், மின்சார சைக்கிளை நம்பி அதை எடுக்க வேண்டாம்.