உதவித்தொகைச் செய்தி ஊருக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி: என் மகள் தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே கடைசி நாள் கடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தகவலை எங்களிடம் கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு? அதை அரசு கண்காணிக்கிறதா?
– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: பொறுப்பு அரசுடையதுதான். 1944 முதல் நடைமுறையில் இருக்கும் இத்திட்டத்தை 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை மாற்றியமைத்து, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தபோது, அதில் 60 சதவீதத்தை மத்திய அரசும் மீதியை மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று முடிவானது. பலரும் கவனிக்காத இன்னொன்றும் அதே முடிவில் இருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 1.36 கோடிப் பேரை இயக்கம் நடத்தித் தேடிச் சேர்ப்போம் என்று அரசே சொன்னது. ஆகவே, வீடு தேடி வந்து சொல்வது சலுகையன்று; திட்டத்தின் ஒரு பகுதி.

கண்காணிப்புக்கும் குறைவில்லை, காகிதத்தில். பயனாளிகளும் ஊராரும் சேர்ந்து சரிபார்க்கும் சமூகத் தணிக்கை, ஆண்டுதோறும் வெளியார் மதிப்பீடு, ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானே தணிக்கை செய்து தரும் அறிக்கை என மூன்று ஏற்பாடுகள் அப்போதே அறிவிக்கப்பட்டன. மூன்றாவதை நான் பெரிதாக நம்புவதில்லை. தேர்வு அட்டவணைக்கும் கட்டண நினைவூட்டலுக்கும் இடையே ஒரு தாளை ஒட்டிவிட்டு, ‘மாணவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்ளும் அலுவலகம், தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதே பொருள்.

பணம் எவ்வளவு போனது, எத்தனை பேர் பெற்றார்கள் என்பதைத்தான் நம் கண்காணிப்பு பெரும்பாலும் எண்ணுகிறது. தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விடுபட்டவர் எத்தனை பேர் என்பது கணக்கில் வருவதில்லை. 2012 முதல் 2017 வரையிலான ஐந்தாண்டுகளை, தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2018 அறிக்கை, தகுதியுடையோரைப் பற்றிய நம்பகமான தரவுத்தளமோ, அவர்கள் அனைவரையும் எட்டுவதற்கான ஆண்டுத் திட்டமோ இல்லை என்று குறிப்பிட்டது. வகுப்பில் எத்தனை பேர் என்று தெரியாமலே வருகைப் பதிவு எடுத்த கதை இது.

போலிகளைப் பிடிப்பதில் மட்டும் வேகம் தெரிகிறது. சிறுபான்மையினர் உதவித்தொகையில், ஆய்வுக்கு எடுத்த 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது இயங்காதவை என்று தெரியவந்து, 2023இல் வழக்கு சிபிஐ வரை சென்றது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் வராதவரைத் தேடுவது வேறு வேலை. அதற்கு ஆள் ஒதுக்கப்படுவதில்லை.

கேள்வி: அப்படியானால் நாங்களே இதைக் கேட்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: முடியும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள். உங்கள் மகளின் கல்லூரியில் இவ்வாண்டு எத்தனை ஆதிதிராவிட மாணவர்கள் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், விளம்பரம் எந்தத் தேதியில் எந்த ஊர்களில் செய்யப்பட்டது என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். கல்லூரி இருக்கும் ஊரில் மகள் புதுக் கணக்குத் தொடங்கி ஆதாரையும் அதோடு இணைத்திருந்தால், கிராமத்து வங்கியின் பழைய பாஸ்புக்கை எத்தனை முறை பதிந்து பார்த்தாலும் வரவு தெரியாது.