இரண்டு காருக்கும் நானே மெயின் டிரைவராக இருக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் கணவர், மகனோடு வசிக்கிறேன். மருத்துவமனையில் வேலை. என் பெயரில் ஏழு பேர் போகிற பெரிய கார் ஒன்று இருக்கிறது, ஒன்பது வருட நோ கிளெய்ம்ஸ் போனஸோடு (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி). கணவர் கார் ஓட்டுவதில்லை. வேலைக்குப் போய்வர சின்ன கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை எடுக்க வேண்டும். இன்சூரன்ஸில் இரண்டுக்கும் நானே மெயின் டிரைவர், அதாவது அதிகம் ஓட்டுபவர், என்று போடலாமா? போனஸ் இரண்டுக்கும் கிடைக்குமா? சில மாதங்களுக்கு முன் லைசென்ஸ் எடுத்த 19 வயது மகனும் சின்ன காரை ஓட்டுவான். அவனை மெயின் டிரைவராகப் போட்டுப் பார்த்தால் பிரீமியம் மூன்று மடங்கு காட்டுகிறது. "உன் பெயரில் போட்டு அவனை நேம்ட் டிரைவராக (இடையிடையே ஓட்டும் கூடுதல் ஓட்டுநராக) சேர், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார் அண்ணா.

பதில்: போடலாம். பிரிட்டனில் ஒருவர் இரண்டு காருக்கும் மெயின் டிரைவராக இருப்பதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. இரண்டையும் உண்மையிலேயே நீங்கள்தான் அதிகம் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கார் யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் கட்டினார் என்பதெல்லாம் வேறு விஷயம்.

போனஸ் கதை வேறு. அந்த ஒன்பது வருடத்தை ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் பயன்படுத்த முடியும். இரண்டாவது கார் பொதுவாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனால் சில கம்பெனிகள் முதல் காரின் போனஸைப் பார்த்து இரண்டாவதற்கும் அதே அளவு தள்ளுபடி தருவார்கள். இணையத்தில் விலை ஒப்பிடும்போது இது பல நேரம் கண்ணில் படாது. அதனால் இப்போதைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டு நேராகக் கேளுங்கள். இரண்டு காரையும் ஒன்றாகச் சேர்க்கும் மல்டி-கார் பாலிசி விலையையும் கேளுங்கள், ஆனால் அதுதான் மலிவு என்று முன்கூட்டியே நம்பிவிடாதீர்கள். தனித்தனியாக எடுப்பது குறைவாக வருவதும் உண்டு.

மைலேஜை இரண்டு காருக்கும் பிரித்துப் போடுங்கள். வேலைக்குச் சின்ன காரில் போவதாக இருந்தால் பெரிய காரின் மைலேஜ் குறையும், அதன் பிரீமியமும் குறைய வாய்ப்பு உண்டு. இன்னொன்று: காரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் பாலிசியில் கேட்பார்கள். ஒரே மருத்துவமனைக்குப் போய்வந்தால் 'கம்யூட்டிங்' போதும். இரண்டு மூன்று இடங்களில் ஷிஃப்ட் பார்க்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் 'பிசினஸ் யூஸ்' வேண்டியிருக்கும்.

இனி உங்கள் மகன். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாரத்தில் நான்கு நாள் நீங்கள் வேலைக்கு எடுத்துப் போய், மாலையிலும் வார இறுதியிலும் அவன் கொஞ்சம் ஓட்டினால், நீங்கள் மெயின் டிரைவர், அவன் நேம்ட் டிரைவர். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நீங்கள் பஸ்ஸில் போக, அவன் தினமும் அந்தக் காரில் கல்லூரிக்குப் போகப்போகிறான் என்றால், அண்ணா சொல்கிற வழிக்கு இங்கே 'ஃப்ரன்டிங்' என்று பெயர். அது மோசடி. எத்தனை பேர் செய்தாலும் மோசடிதான்.

கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். பாலிசி எடுக்கும்போது யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள், விபத்து நடந்த பிறகுதான் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு மகன் எங்கே போய்க்கொண்டிருந்தான்? அன்றைக்கு நீங்கள் எப்படி வேலைக்குப் போனீர்கள்? பகலில் கார் எங்கே நிற்கும்? வருடம் 4,000 மைல் என்று எழுதியிருக்கிறீர்கள், எம்ஓடி (வருடாந்தர வாகனச் சோதனை) பதிவில் 9,000 கூடியிருக்கிறதே? அந்த மைலேஜ் பதிவை அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தது என்று முடிவானால், 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி கம்பெனி பாலிசியையே செல்லாததாக்கி, உங்கள் கிளெய்மை மறுக்கலாம். கட்டிய பிரீமியமும் பெரும்பாலும் திரும்பாது. எதிரே வந்தவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வரலாம். ஒருவர் காயப்பட்டிருந்தால் அது எவ்வளவு பெரிய தொகையாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகன்மேல் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம் வந்தால் லைசென்ஸில் குறைந்தது 6 தண்டனைப் பாயின்ட். டெஸ்ட் பாஸ் செய்த இரண்டு வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தாலே லைசென்ஸ் போய்விடும், மறுபடி தியரி டெஸ்டிலிருந்து தொடங்க வேண்டும். மிச்சப்படுத்தும் ஆயிரம் பவுண்டுக்காகப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

அவன்தான் அதிகம் ஓட்டுவான் என்றால் அவனையே மெயின் டிரைவராகப் போட்டு, உங்களை நேம்ட் டிரைவராகச் சேர்த்து விலை பாருங்கள். அனுபவமுள்ள தாய் கூட இருப்பதால் பல நேரம் விலை இறங்கும். டெலிமேடிக்ஸ், அதாவது ஓட்டும் விதத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்யும் பிளாக் பாக்ஸ் பாலிசியையும் பாருங்கள். காரை இன்னும் வாங்கவில்லை என்பதால் அந்த மாடலின் இன்சூரன்ஸ் குரூப் எண்ணையும் பார்க்கலாம்: எண் குறையக் குறையப் பிரீமியமும் பொதுவாகக் குறையும். முடிந்தால் வருடத் தொகையை ஒரே தடவையில் கட்டுங்கள், மாதத் தவணைக்கு வட்டி போடுவார்கள். முதல் வருடம் கை கடிக்கும்தான். ஆனால் அவன் பெயரில் போனஸ் சேரத் தொடங்கும். உங்கள் பாலிசியில் நேம்ட் டிரைவராக ஐந்து வருடம் ஓட்டினாலும் பெரும்பாலான கம்பெனிகளில் அவனுக்கென்று ஒரு வருடம்கூடச் சேராது.

அப்புறம், சனிக்கிழமை கார் எடுக்கப்போகும் முன் புது பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். பெரிய காரின் பாலிசியில் 'வேறு கார்களையும் ஓட்டலாம்' என்று ஒரு வரி இருக்கலாம். அது உங்களுக்குச் சொந்தமான இன்னொரு காருக்குப் பொருந்தாது. அதை நம்பி ஷோரூமிலிருந்து வீடு வரைக்கும்கூட ஓட்டிவிடாதீர்கள்.