ஷார்ட்ஸ்டாப் ஆடும் பையனுக்கு ஜூனியர் கல்லூரி போதுமா?

ஹூஸ்டனில் இருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பையன் பள்ளி இறுதி வகுப்பு, பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவன். பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. அணியிலும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் ஸ்காலர்ஷிப் கிடையாது. ஜூனியர் கல்லூரி, அதாவது கம்யூனிட்டி காலேஜ் என்றும் சொல்லும் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றின் கோச் ஸ்காலர்ஷிப்போடு கூப்பிடுகிறார். பையன் அங்கேதான் போகிறேன் என்கிறான். "கம்யூனிட்டி காலேஜா? ஊரில் என்ன சொல்வது?" என்கிறாராம் பெரியப்பா.

கவலை நியாயம்தான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்காக உங்கள் பெயரில் கடன் வாங்காதீர்கள். 2025 முதல் பெரிய கல்லூரி அணிகள் பலவற்றில் 34 பேருக்குத்தான் இடம். வேறு கல்லூரிகளில் ஆடித் தேறியவர்களைக் கொண்டே கோச்கள் அதை நிரப்பப் பார்க்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் பெஞ்சில் உட்கார வேண்டிவரும். ஷார்ட்ஸ்டாப் போல பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டருக்குக் கையும் காலும் பழகுவது மேட்ச் ஆடினால்தான்.

பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸைப் பாருங்கள். டொமினிக்கன் குடியரசிலிருந்து மிசூரிக்கு வந்த பையன். கன்சாஸ் சிட்டியில் மேப்பிள் வுட்ஸ் என்ற கம்யூனிட்டி கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் ஆடினார். மேஜர் லீக் அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; 1999 டிராஃப்டில் 401 பேரை எடுத்த பிறகுதான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை எடுத்தது. முதலில் சொன்ன 10,000 டாலரை மறுத்துவிட்டு, அந்தக் கோடையில் கன்சாஸில் ஆடிக் காட்டி, சுமார் 60,000 டாலருக்குக் கையெழுத்திட்டார். மேஜர் லீக்குக்குக் கீழே வீரர்கள் தேறும் மைனர் லீக்கில் ஒரே ஒரு முழு சீசன். 2001 ஏப்ரலில் மேஜர் லீக், அந்த ஆண்டே சிறந்த புதுமுகம். 2022இல் ஓய்வு பெறும்போது 703 ஹோம் ரன்.

எல்லோரும் புஹோல்ஸ் ஆக மாட்டார்கள், சரி. பாதை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை, இல்லையென்றால் 21 வயது ஆகும்வரை டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஜூனியர் கல்லூரி மாணவரை ஒவ்வொரு ஆண்டும் எடுக்கலாம். ஜூனியர் கல்லூரி விளையாட்டில் பிரிவுகள் உண்டு. முதல் பிரிவுக் கல்லூரி, பேஸ்பாலில் 24 பேர் வரை முழு ஸ்காலர்ஷிப் தரலாம்; தங்குமிடம், சாப்பாடு உட்பட. மூன்றாம் பிரிவில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அதனால் எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள்.

படிப்பும் வீணாகாது. டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட அடிப்படைப் பாடத்திட்டத்தை முடித்தால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை ஏற்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் தனியே பிரிவுகள் உண்டு; அதன் முதல் பிரிவு அணிக்கு மாறி ஆட ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.5 தேவை. அதில் மட்டும் பையனுக்குச் சலுகை காட்டாதீர்கள்.

டிராஃப்டில் எடுத்துவிட்டாலும் பணம் கொட்டாது. 2023 ஒப்பந்தப்படி அந்த ஆண்டு மைனர் லீக்கின் கீழ்நிலையான சிங்கிள்-ஏ சம்பளம் 26,200 டாலர், மேல்நிலையான டிரிபிள்-ஏ 35,800 டாலராக இருந்தது. சிறிய போனஸை நம்பி படிப்பைப் பாதியில் விடக் கூடாது.

இந்த வாரமே கோச்சிடம் பேசுங்கள். ஸ்காலர்ஷிப்பில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், கடந்த ஆண்டு முடித்த இன்ஃபீல்டர்கள் எங்கே போனார்கள் என்று பையனே கேட்கட்டும். உங்கள் அண்ணனிடம் நீங்கள் பேசுங்கள். அந்தப் பதிலைப் பையன் சொல்லும்படி விடாதீர்கள்.